இசைக்கலைஞருக்கு ஒரு பழைய பிக்கப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் நண்பர் ஒருவர் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். பிராட்வே தெருவில் உள்ள பார்களில் ஒரு குழு ஏறினால் நான்கு மணி நேரம் கழித்துத்தான் இறங்கும். அப்படிப்பட்ட குழுக்களில் மாறி மாறி வாசிப்பதுதான் அவர் பிழைப்பு. அவருக்காக 1951ஆம் வருடத்து ஷெவர்லே 3100 பிக்கப் ஒன்றை இரண்டரை வருடம் எடுத்து நாங்கள் புதுப்பித்தோம். வண்டியைப் பார்த்த நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். மெக்கானிக் வேலை தெரியாதவர்களும் படிக்கலாம்.

இசைக்கலைஞருக்காகக் கட்டும் பிக்கப்பில் அப்படி என்ன தனி?

சாமான், வெயில், காது. இந்த மூன்றும்தான்.

பிக்கப் என்பது முன்னால் ஒரு கேபின், பின்னால் திறந்த தொட்டி. 1925இல் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி வண்டியைத் தொட்டியோடு சேர்த்துத் தொழிற்சாலையிலேயே செய்து 281 டாலருக்கு விற்கத் தொடங்கியது. அன்று முதல் விவசாயியும் தச்சரும் கொத்தனாரும் அதில் சுமை ஏற்றினார்கள். இசைக்கலைஞரும் சுமை ஏற்றுகிறவர்தான். ஆனால் அவருடைய சுமையில் பாதி சூட்டுக்கும் ஈரத்துக்கும் பயப்படும் மரம். மீதி தூக்கவே முடியாத கனம். போதாததற்கு, மற்றவர் காதில் விழாத சத்தமெல்லாம் அவர் காதில் விழும். இந்த மூன்றையும் நினைத்து ஒவ்வொரு முடிவும் எடுக்க வேண்டும்.

கண்காட்சிக்கு மட்டும் கட்டிய பிக்கப்கள் எத்தனையோ உண்டு. தொட்டியில் கண்ணாடிபோல மெருகு. அதில் ஒரு ஆம்ப்பை, அதாவது கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டியை, வைக்க யாருக்கும் கை வராது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் மாதம் இருபது நாள் வாசிக்கப் போகிறவருக்கு அது உதவாது.

பெரிய இசைக்கலைஞர்கள் யாராவது இப்படிக் கட்டி வைத்திருக்கிறார்களா?

மெட்டாலிகா குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பல வருடங்களாகப் பழைய வண்டிகளை எடுத்துத் தன் விருப்பப்படி மாற்றிக் கட்டியவர். அதில் ஒரு பகுதியை லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள பீட்டர்சன் வாகன அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். 2020 பிப்ரவரியில் அங்கே தனிக் காட்சி தொடங்கியது. அந்த வரிசையில் பெரும்பாலானவை நீளமான கார்கள். நடுவில் 1956 ஃபோர்டு எஃப்-100 பிக்கப் ஒன்றும் உண்டு. அதற்கு அவர் வைத்த பெயர் 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்'. குடியும் போதையும் தொடாதவர்கள் என்ற பொருளில் அமெரிக்க பங்க் இசை வட்டாரத்தில் புழங்கும் சொல் அது.

பில்லி கிப்பன்ஸின் கதை பிக்கப்பைப் பற்றியது இல்லை, ஆனாலும் இங்கே பொருந்தும். ஸீஸீ டாப் குழுவின் கிட்டாரிஸ்டான அவர் கட்டச் சொன்ன சிவப்பு 1933 ஃபோர்டு கூபே, 'எலிமினேட்டர்' என்ற பெயரில் 1983இல் வந்த இசைத்தட்டின் அட்டையிலேயே இடம்பிடித்தது. எல்லா ஊரிலும் அந்த வண்டியைக் காட்டச் சொல்லிக் கேட்டதால் அதேபோல இன்னொன்றையும் கட்ட வேண்டியதாயிற்று. 1989இல் அவருக்காக பாய்ட் காடிங்டனின் பட்டறை 1948 கேடிலாக் ஒன்றை 'கேட்ஸில்லா'வாக மாற்றியது. வரைந்தவர் லாரி எரிக்சன். ஒரு வாத்தியத்தைக் கேட்டுச் செய்விப்பதுபோல வண்டியையும் கேட்டுச் செய்விக்கலாம் என்று ஒரு தலைமுறைக்கே காட்டியவர் கிப்பன்ஸ் என்பது என் எண்ணம்.

எல்விஸ் பிரெஸ்லி 1967 தொடக்கத்தில் மிசிசிப்பியில் ஒரு பண்ணை வாங்கினார். வாங்கிய கையோடு நண்பர்களுக்கும் வேலை செய்தவர்களுக்கும் பிக்கப்களாக வாங்கிக் கொடுத்தார். அவை அன்று புது வண்டிகள். இன்று அதே வருடத்து வண்டிகளைத்தான் நாம் துருவைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எந்த வருடத்து வண்டியை எடுக்கலாம்?

நான் மூன்று குடும்பங்களைத்தான் சொல்வேன்.

1947 நடுவிலிருந்து 1955 தொடக்கம் வரை வந்த ஷெவர்லே. உருண்ட நெற்றி, கேபின் மூலைகளில் சின்னக் கண்ணாடி, மூன்று பேர் நெருக்கி உட்காரும் நீள சீட். 1953 வரை முன்கண்ணாடி நடுவில் பிரிந்திருக்கும். 1954இல் ஒரே கண்ணாடியானது. 3100 என்பது அரை டன் வகை. தொட்டி ஆறரை அடி.

1953 முதல் 1956 வரை வந்த ஃபோர்டு எஃப்-100. இதில் 1956க்கு மட்டும் தனி மவுசு. பக்கங்களில் வளைந்து இறங்கும் முன்கண்ணாடியும் இந்த உடம்பும் சேர்ந்து வந்தது அந்த ஒரு வருடம்தான். ஹெட்ஃபீல்டின் பிக்கப்பும் அதுதான். விலையும் அதற்கேற்ப ஏறும்.

1967 முதல் 1972 வரை வந்த ஷெவர்லே சி10. முதல் முறை கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பெரும்பாலானவற்றில் பின்பக்கம் பட்டைக்குப் பதிலாகச் சுருள் ஸ்பிரிங் இருப்பதால் ஓட்டம் மெத்தென்று இருக்கும். 1971இல் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் வந்துவிட்டது. பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை.

அப்படியானால் நாங்கள் ஏன் 1951ஐ எடுத்தோம்? நண்பரின் தாத்தா அந்த வருடத்து ஷெவர்லே ஒன்றை வைத்திருந்தார். அதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை.

வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

துரு. இன்ஜின் ஓடுகிறதா, செல்ஃப் எடுக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். ஓடாத இன்ஜினை மாற்றிவிடலாம். அழுகிப்போன கேபினை மாற்றுவது இன்னொரு வண்டி வாங்குவதற்குச் சமம்.

பழைய ஷெவர்லேயில் துரு ஒளிந்திருக்கும் இடங்கள் ஏறக்குறைய எல்லா வண்டியிலும் ஒன்றுதான். கேபினின் பின்மூலைகள் கீழே தரையைத் தொடும் இடம். கால் வைக்கும் தரைத் தகடு. கதவுக் கீல் பொருந்தும் தூண். ஏறுபடி சேஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, சேரும் இடம். கூரையின் மழைநீர் ஓடும் விளிம்பு. கையில் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். தகடு இருந்தால் ஒட்டும். பட்டி பூசியிருந்தால் ஒட்டாது.

எங்களிடம் காந்தம் இல்லை. நல்ல வெயிலில், புதிதாக அடித்த பெயின்டோடு, பளபளவென்று நின்ற வண்டியைப் பார்த்ததும் மயங்கிவிட்டோம். விற்றவர் 'கேபின் சுத்தம்' என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து பெயின்டைச் சுரண்டத் தொடங்கினால், இரண்டு பின்மூலைகளிலும் விரல் பருமனுக்குப் பட்டி. அதற்கு உள்ளே கம்பி வலை. வலைக்கு உள்ளே ஒன்றுமே இல்லை. அந்த இரண்டு மூலைகளையும் வெட்டி, புதுத் தகடு வளைத்து, வெல்டிங் வைத்து, டிங்கரிங் முடிக்க நாலு மாதம் போனது. பட்டி பூசுவது தப்பில்லை. தகட்டின் மேல் காகிதக் கனத்துக்குப் பூசினால் அது மெருகு. ஓட்டையை மறைக்கப் பூசினால் வாங்குகிறவரை ஏமாற்றுகிற வேலை.

வண்டிப் பத்திரத்தில் ஏதாவது சிக்கல் வருமா?

வரலாம். 1950களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் பல மாநிலங்கள் வண்டியை இன்ஜின் எண்ணை வைத்தே பதிவு செய்தன. அந்த இன்ஜினை எப்போதோ யாரோ கழற்றிப் போட்டிருந்தால், பத்திரத்தில் இருக்கும் எண் வண்டியில் எங்கேயும் இருக்காது. பணம் கொடுக்கும் முன் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய இன்ஜினையே வைத்துக்கொள்வதா, புது வி8 போடுவதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. என் பதிலும் கொஞ்சம் நீளம்.

1951 ஷெவர்லேயில் வந்தது 216 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின். ஆறும் ஒரே நேர்வரிசையில் நிற்கும். சக்தி 90 குதிரைத்திறனைச் சுற்றி. அந்தக் காலத்து மண் சாலைக்கு அது போதும். அதன் உள்ளே பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்கு எண்ணெய் அழுத்தத்தோடு போவதில்லை; ராடின் அடியில் உள்ள சின்னக் கரண்டி எண்ணெயை அள்ளித் தெளித்துக்கொள்ளும். பேரிங்கும் ஈய வகை உலோகத்தை உருக்கி ஊற்றியது. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் விரட்டினால் அதற்குத் தாங்காது. பின் ஆக்சிலின் பல் விகிதம் 4.11, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற அதை ஓட்டும் தண்டு 4.11 சுற்று சுற்ற வேண்டும் என்பதால் 60 மைல் வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 சுற்று சுற்றும். அதுவே அதற்கு அலறல்.

பெரும்பாலான பட்டறைகள் இந்த இடத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை வி8ஐ வைக்கின்றன. 1997இல் கார்வெட் காரில் வந்த குடும்பம். பிறகு லாரிகளிலும் வந்ததால் பழைய இரும்புக்கடையிலேயே கிடைக்கும். நம்பகமானது, சக்தி மூன்று நான்கு மடங்கு. அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். குழுவின் முழுச் சாமானையும் டிரெய்லரில் கட்டி மலை ஏறுகிறவர்களுக்கு அதுதான் சரி.

நாங்கள் நடுவழியில் போனோம். 1954க்குப் பிறகு வந்த 235 கன அங்குல ஆறு சிலிண்டர், பழையதன் தம்பி. வெளியே பார்த்தால் இரட்டைப் பிறவி. ஆனால் உள்ளே எண்ணெய் முழு அழுத்தத்தோடு எல்லா பேரிங்குக்கும் போகும். அதோடு ஷெவர்லே எஸ்-10இலிருந்து எடுத்த ஐந்து கியர் பாக்ஸ். பழைய வண்டியில் கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் சுழலும் தண்டு ஒரு மூடிய குழாய்க்குள் இருக்கும் என்பதால் பின் ஆக்சிலையும் மாற்றியாக வேண்டும், 3.55 விகிதத்தில் ஒன்றைப் போட்டோம். இப்போது அதே 60 மைல் வேகத்தில் சுமார் 1,850 சுற்றுதான்.

ஏன் ஆறு சிலிண்டரை விடவில்லை? குரல்தான் காரணம். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். ஆறு சிலிண்டர் என்றால் சுற்றுக்கு மூன்று வெடிப்பு. நிமிடத்துக்கு 1,650 சுற்றில் ஓடினால் நொடிக்கு 82.5 வெடிப்பு. கிட்டாரின் மிகத் தடித்த கம்பியை, ஈ கம்பியை, மீட்டினால் நொடிக்கு 82.4 அதிர்வு. இரண்டும் ஒன்றேதான்! அதில் பாதி, அதாவது 825 சுற்று, பேஸ் கிட்டாரின் ஈ. இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டியபோது நண்பர் சிரிக்கவில்லை. எழுந்து போய் பேஸை எடுத்து வந்து, ஓடிக்கொண்டிருந்த இன்ஜினோடு சேர்த்து வாசித்துப் பார்த்தார்.

வி8இல் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்கள் சம இடைவெளியில் வெடிப்பதில்லை. அதனால்தான் அந்தக் கடகடவென்ற உறுமல் வருகிறது. பலருக்கு அதுதான் சங்கீதம். நேர்வரிசை ஆறில் இடைவெளி சீராக இருக்கும். தம்பூரா மாதிரி ஒரே சுருதியாக நிற்கும். வண்டி யாருக்கோ, அவருடைய காது எதைக் கேட்கிறதோ, அதன்படி முடிவு எடுங்கள்.

சைலன்சரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான சைலன்சர் போட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் கேபின் முழுக்க ஒரு ரீங்காரம் நிற்கும். அதில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்தவர் மேடையில் ஏறிச் சுருதி பிடிக்கச் சிரமப்படுவார்.

பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் பழையபடியே விடலாமா?

விடக்கூடாது. இதில் நான் யாரோடும் சமரசம் பேசுவதில்லை.

1951 வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண்ணெய் வழி. ஒரு குழாய் விட்டால் நான்கும் போச்சு. பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு வழி உள்ள வகை 1960களின் பின்பாதியில்தான் பொதுவானது. ஸ்டீயரிங் தண்டு முன்பக்கத்திலிருந்து ஓட்டுநரின் மார்பை நோக்கி நிற்கும் ஒரே இரும்புக் கோல், மோதினால் மடங்காது. சீட் பெல்ட் கிடையாது. பெட்ரோல் டாங்கி கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால். இரவு இரண்டு மணிக்கு வாசித்துக் களைத்து வீடு திரும்புகிறவருக்கு இந்த நிலையில் வண்டியைக் கொடுக்க எனக்கு மனசு வராது.

முன்சக்கரத்துக்கு டிஸ்க், இரட்டை மாஸ்டர் சிலிண்டர், மோதினால் மடங்கும் ஸ்டீயரிங் தண்டு, மூன்று முனை பெல்ட். பெல்ட்டை வெறும் தகட்டில் திருகினால் இழுத்த இழுப்பில் பிய்ந்துவிடும்; தூணுக்குள் கனமான தகடு வைத்து வெல்டிங் செய்து அதில் திருக வேண்டும். பெயின்ட் அடிக்கும் முன்பே இந்த வேலை முடிய வேண்டும்.

கிட்டாரை எங்கே வைப்பது? தொட்டியில் வைக்கலாமா?

வேண்டாம். மரவாத்தியங்களுக்கு 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதமும் அறையின் இயல்பான வெப்பமும்தான் ஒத்துவரும். கோடையில் மூடிய வண்டிக்குள் வெப்பம் 60 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். அந்தச் சூட்டில் பசை இளகும், கம்பிகளைப் பிடித்திருக்கும் பாலம் தூக்கும், கிட்டாரின் கழுத்து வளையும். திறந்த தொட்டியில் வெயிலில் கிடக்கும் கறுப்புப் பெட்டிக்குள்ளும் இதே கதை. திருட்டு வேறு, சிக்னலில் நிற்கும்போது ஒருவர் கை நீட்டி எடுத்துப் போகலாம்.

எங்களுக்கு வழி கிடைத்தது பெட்ரோல் டாங்கியால். பாதுகாப்புக்காக அதைக் கேபினுக்குள்ளிருந்து எடுத்து, தொட்டிக்கு அடியில் சேஸ் கம்பிகளுக்கு நடுவே கொண்டுபோனோம். சீட்டுக்குப் பின்னால் கேபின் அகலத்துக்கு ஒரு நீள இடம் காலியானது. நண்பரின் பேஸ் பையோடு அதில் படுத்துவிடும். மேலே கம்பளி ஒட்டிய மூடி, பூட்டு. பெட்ரோல் வாசனை போனது, இன்னொரு லாபம். அகௌஸ்டிக் கிட்டாரின் கனமான பெட்டி அதில் நுழையாது. அது பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு வரும்.

கூரைக்கும் தரைக்கும் அடியில் சத்தம் அடக்கும் பியூட்டைல் ரப்பர் விரிப்பும் அதற்கு மேல் வெப்பம் தடுக்கும் பஞ்சும் ஒட்டினோம். ஏசியும் உண்டு, இன்ஜின் பக்கத்தில் தெரியாதபடி. இருந்தாலும் நிறுத்திய வண்டியில் கிட்டாரை விட்டுப் போகக்கூடாது. நண்பர் சாப்பிடப் போனாலும் பேஸ் தோளில் போகும்.

கனமான சாமான்களுக்கு என்ன செய்வது?

எண்களைப் பார்த்துத் திட்டமிடுங்கள். கிட்டார் நிறுவனமான ஃபெண்டரின் ட்வின் ரிவர்ப் ஆம்ப் 29 கிலோ. எட்டு ஸ்பீக்கர் உள்ள ஆம்பெக் பேஸ் பெட்டி அறுபது கிலோவைத் தாண்டும். ஹாமண்ட் பி-3 ஆர்கன், அதன் பெஞ்சும் மிதிகட்டைகளும் சேர்த்தால் 180 கிலோவுக்கு மேல். கூடவே வரும் லெஸ்லி ஸ்பீக்கர் தனி. அரை டன் பிக்கப் இவ்வளவையும் தாங்கும். தூக்கி ஏற்றுகிற முதுகு தாங்காது.

எனவே ஒரு மடக்குச் சாய்தளமும் தொட்டித் தரையில் கட்டுக்கொக்கிகளும் வேண்டும். கொக்கியை மரத்தில் திருகாமல், அடியில் உள்ள குறுக்குச் சட்டத்தில் திருகுங்கள். வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்துவது இப்போது நாகரிகம். சுமை ஏற்றுகிற வண்டிக்கு ஸ்பிரிங் இறங்க இடம் இருக்க வேண்டும். நாங்கள் இரண்டு அங்குலம் தாழ்த்தினோம், அதோடு நிறுத்திக்கொண்டோம்.

தொட்டித் தரைக்கு மரம்தான் போட வேண்டுமா?

அந்தக் கால ஷெவர்லேயிலும் ஃபோர்டிலும் தரை மரப்பலகைதான். பலகைக்கும் பலகைக்கும் இடையில் இரும்புப் பட்டை ஓடும். இப்போது பலர் ஓக் போடுகிறார்கள். நாங்கள் ஆஷ் மரம் போட்டோம். 1950களின் ஃபெண்டர் கிட்டார் உடம்புகள் பல அந்த மரத்தில் செய்தவை என்பதால் நண்பருக்கு அதில் ஒரு பற்று. பலகை கிடைக்க அலைய வேண்டியிருந்தது. மரகதத் துளைப்பான் என்ற வண்டு வட அமெரிக்காவின் ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் அழித்துவிட்டது. 2020இல் ஃபெண்டரே தன் வழக்கமான கிட்டார்களில் ஆஷ் பயன்படுத்துவதைக் குறைப்பதாக அறிவித்தது. பலகைக்கு வார்னிஷ் அடிக்கவில்லை. எண்ணெய் மட்டும். கீறல் விழுந்தால் தேய்த்து மறுபடி எண்ணெய் விட்டால் சரி.

என்ன நிறம் அடிக்கலாம்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. கிட்டார் நிறமும் கார் நிறமும் ஒரே டப்பாவிலிருந்து வந்தவை என்பது பலருக்குத் தெரியாது.

ஃபெண்டர் நிறுவனம் தன் கிட்டார்களுக்குத் தனி நிற அட்டை வெளியிட்டபோது புதிதாக எதையும் கலக்கத் தேவைப்படவில்லை. டூபாண்ட் நிறுவனம் கார்களுக்காகச் செய்த பெயின்டையே எடுத்தார்கள். ஃபியெஸ்டா ரெட் என்று கிட்டாரிஸ்டுகள் உருகும் சிவப்பு, 1956 ஃபோர்டு தண்டர்பேர்டின் நிறம். சர்ஃப் கிரீன் 1957 ஷெவர்லேயின் பச்சை. லேக் பிளாசிட் ப்ளூ 1958 கேடிலாக்கின் நீலம். பழுதுபார்க்கிற பட்டறைக்காரரும் அதே கடையில் அதே டப்பாவை வாங்கினார். கிப்சன் நிறுவனம் ஒரு படி மேலே போய், கார் உடம்பு வடிவமைத்து ஓய்வுபெற்ற ரே டீட்ரிக்கை அழைத்து 1963இல் ஃபயர்பேர்ட் கிட்டாரை வரையச் சொன்னது.

அதனால் கிட்டாரின் நிறத்தை வண்டிக்கு அடிப்பது, போன பொருள் வீட்டுக்குத் திரும்பி வருவது மாதிரி. சீட்டுக்கு ஃபெண்டர் ஆம்ப்களில் ஒட்டும் மஞ்சள் ட்வீட் துணியைப் போடச் சொல்லி சிலர் கேட்கிறார்கள். பார்க்க அழகு, ஆனால் உட்கார்ந்து எழும் இடத்தில் சீக்கிரம் நைந்துபோகும். கூரையின் உள்பக்கத்துக்கும் கதவுத் தட்டிக்கும் போடலாம்.

உங்கள் வண்டிக்கு என்ன நிறம் அடித்தீர்கள்?

கதவுகளுக்கு எதுவும் அடிக்கவில்லை. மேல் பெயின்டைச் சுரண்டியபோது ஓட்டுநர் பக்கக் கதவில், மூன்றாவது அடுக்குக்கு அடியில், கையால் எழுதிய எழுத்துகள் தெரிந்தன. ஏதோ ஒரு நாற்றுப் பண்ணையின் பெயரும் மூன்றே இலக்கத் தொலைபேசி எண்ணும். தூரிகை திரும்பிய இடம்கூடத் தெரிந்தது. அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டோம். மறுநாள் முழுக்க ஈரத் தாளால் மெதுவாகத் தேய்த்து மிச்ச எழுத்தை வெளியே கொண்டுவந்து, மேலே நிறமில்லாத, பளபளப்புக் குறைந்த கிளியர் பூச்சு அடித்துப் பூட்டினோம். மற்ற பாகங்களுக்கு அந்தக் கதவின் மிச்சப் பச்சையோடு பொருந்தும் ஒரு பச்சை.

எல்லாவற்றையும் புதிதாக்குவதே மறுசீரமைப்பு என்று நினைக்கிறவர்கள் இதற்கு என்னோடு சண்டை போடுகிறார்கள். யாரோ ஒரு பெயர் தெரியாத ஓவியர் வெயிலில் உட்கார்ந்து எழுதிய எழுத்து அது. அதை அழிக்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

தொட்டியில் நின்றே வாசிக்க முடியுமா? வண்டியிலிருந்து மின்சாரம் கிடைக்குமா?

கிடைக்கும். பழைய 6 வோல்ட் அமைப்பில் கிடைக்காது. அந்த டைனமோ கொடுக்கும் மொத்த மின்சாரமே 200 வாட் அளவுதான், விளக்குக்கே சரியாகப் போகும். 12 வோல்ட்டுக்கு மாறி, நல்ல ஆல்டர்னேட்டர், ஆம்ப்புக்கென்று தனியாக ஒரு இரண்டாவது பேட்டரி வையுங்கள். 200 வாட் இழுக்கும் ஆம்ப்புக்கு இழப்பையும் சேர்த்து 20 ஆம்பியர் தேவை. அதற்கேற்ற தடிமனில் கேபிள், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ்.

இன்வெர்ட்டர் வாங்கும்போது சுத்தமான சைன் அலை தருவதை மட்டும் வாங்குங்கள். மலிவான வகை தருவது படிக்கட்டு மாதிரி உடைந்த அலை. அதில் ஆம்ப்பைச் செருகினால் வாசிக்கும் முன்பே தேனீக் கூட்டம் கேட்கும்.

எங்களுக்கு வந்த தொல்லை வேறு. இன்ஜின் ஓடும்போது மட்டும் ஆம்ப்பில் ஒரு விசில். ஆக்சிலேட்டரை மிதித்தால் சுருதி ஏறும். கிட்டாரின் கம்பிகளுக்கு அடியில் உள்ள காந்தச் சுருளுக்கும் பிக்கப் என்றுதான் பெயர். காற்றில் வருகிற எந்த மின்னதிர்வையும் அது பிடித்துக்கொள்ளும், ஆல்டர்னேட்டருடையதையும் சேர்த்து. மூன்று வாரம் தேடிய பிறகு காரணம் கிடைத்தது. தொட்டியின் எர்த் கம்பி பெயின்ட் மேல் திருகப்பட்டிருந்தது. பெயின்டைச் சுரண்டி இரும்பில் திருகினோம். இன்ஜின், கேபின், தொட்டி மூன்றையும் ஒரே புள்ளியில் எர்த் செய்தோம். முக்கால்வாசி போய்விட்டது. மீதிக்கு, இன்ஜினை அணைத்துவிட்டு பேட்டரியில் வாசிக்கிறார்.

எலக்ட்ரிக்காக மாற்றலாமே?

மாற்றலாம், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சார்ஜ் செய்யும் பகுதியை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். நீல் யங் தன்னுடைய 1959 லிங்கன் காண்டினென்டல் காரை 'லின்க்வோல்ட்' என்ற பெயரில் மின்சாரத்தில் ஓடும்படி மாற்றினார். 2010 நவம்பரில் கலிபோர்னியாவின் சான் கார்லோஸில் அவருடைய கிடங்கில் அது தீப்பற்றியது; முழுமையாகச் சோதிக்கப்படாத சார்ஜிங் அமைப்பு காரணம் என்று பிறகு சொன்னார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை, மறுபடியும் கட்டினார்.

எவ்வளவு செலவாகும்?

பட்டறையில் கொடுத்து முழுவதும் கட்டினால் ஒரு லட்சம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். பாகங்களைவிட மனித உழைப்புக்குத்தான் பணம் போகும். ஆயிரம் மணி நேரம் என்பது பெரிய கணக்கே இல்லை. நாங்கள் சனி ஞாயிறுகளில் நாங்களே செய்ததால் பாகங்களுக்கும் பெயின்டுக்கும் மட்டும் பணம் போனது. பணம் குறைந்தால் பெயின்டைத் தள்ளிப்போடுங்கள், பிரேக்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

கட்டி முடித்த பிறகு என்ன வேலை இருக்கும்?

முதல் 500 மைல் போனதும் எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்க வேண்டும். அதற்குப் பிறகு சத்தம் பிடிக்கிற வேலை. சாதாரண ஆள் 'எங்கேயோ கடகடங்குது' என்பார். நண்பர் போன் செய்து, 'நாற்பத்தைந்து மைலில் ஒரு பி ஃப்ளாட் சுரம் கேட்கிறது, வலது பக்கம், முழங்கால் உயரத்தில்' என்றார். போய்ப் பார்த்தால் டேஷ்போர்டில் உள்ள சின்னப் பெட்டியின் மூடி. ஒரு துண்டு கம்பளி ஒட்டியதும் நின்றது.

முன் ஆக்சிலை மாற்றவில்லை என்பதால், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னுக்கு 1,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடித்தே ஆக வேண்டும். கிரீஸ் கன் சீட்டுக்குப் பின்னால், பேஸ் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், தனிப் பையில் இருக்கிறது. கடைசியாக அடித்த மைல் கணக்கைப் பென்சிலால் வெயில் மறைப்பின் பின்பக்கம் எழுதி வைக்கிறார்.